முப்பத்தேழாம் பக்கம்

ஒருத்தன் தானே எழுதின நோட்டை அவனையே படிச்சிட்டு வரச் சொன்னா அவனுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க தம்பி. அதுவும் யாரு சொல்லுதது? யாருக்காக அந்த நோட்டை எழுதினேனோ அந்த மனுசன். இருபத்திரண்டு வருசமா எனக்கு எதிர்ல உக்காந்து ஆடுன மனுசன்.

அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டுக் கஷ்டப்படாதீங்க, இப்படி நடுவுல வையுங்க. நீங்க கோவில்பட்டிதானே? பஸ் போயிச் சேர இன்னும் நேரம் கெடக்கு. நான் திருநெல்வேலி வரைக்கும் போறேன். பேரு செண்பகராமன். டெலிபோன் இலாகாவுல என்ஜினியரா இருந்து ரிட்டயராகி எட்டு வருசம் ஆச்சு.

என்ன ஆட்டம்னு கேக்கீங்களா? சீட்டு. மூஞ்சி சுளிக்காதீங்க, இது காசு வச்சு ஆடுதது இல்ல. பிரிட்ஜ்னு பேரு. நாலு பேரு உக்காரணும். எதிரும் புதிருமா இருக்க ரெண்டு பேரு ஒரு ஜோடி. ஆளுக்குப் பதிமூணு சீட்டு. ஆட்டத்துக்கு முன்னால ஒரு ஏலம் உண்டு. பதிமூணு சுத்துல நாங்க இத்தனை பிடி பிடிப்போம், இன்னது துருப்புச் சீட்டுன்னு ஏலம் கேக்கணும். இதுல சங்கடம் என்னன்னா உங்க ஜோடி கையில என்ன சீட்டு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. பேசவும் கூடாது. புருவத்தைத் தூக்கினாக்கூட தப்பு. பக்கத்துல ஒரு டப்பா, அதுக்குள்ள அட்டைங்க. ஒரு கிளாவர், ரெண்டு இஸ்பேட், பாஸ், இப்படி எழுதியிருக்கும். அந்த அட்டையை எடுத்து வச்சுத்தான் ரெண்டு பேரும் பேசிக்கிடணும். மாட்டுச் சந்தையில துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சு விலை பேசுதாங்கள்லா, அந்த மாதிரின்னு வச்சுக்கிடுங்க.

ஊர்ல எல்லாரும் எப்படி ஆடுவாங்கன்னா, இவன் தன் சீட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லுவான், அவன் தன் சீட்டைப் பத்திக் கொஞ்சம் சொல்லுவான். ரெண்டு பேரும் அரைகுறையா சொல்லி, அரைகுறையா புரிஞ்சு, கடைசியில மோட்டுவளையைப் பாத்து ஒரு ஏலம் கேப்பாங்க. எனக்கு அது ஆகாது. முப்பத்தஞ்சு வருசம் எக்ஸ்சேஞ்சுல இருந்தவன் நான். லைன்ல கோளாறுன்னா என்ன செய்வோம்? இங்கேருந்து ஒரு சிக்னல் அனுப்புவோம், லைன் பதில் சொல்லும். மறுபடி அனுப்புவோம், மறுபடி சொல்லும். எந்தக் கம்பத்துல அறுந்திருக்குன்னு உக்காந்த இடத்துலேருந்து சொல்லிருவேன். லைன் நம்மகிட்ட கேள்வி கேக்காது. கேட்டா வேலை நடக்குமா?

பிரிட்ஜ்லயும் அப்படி ஒரு முறை இருக்கு. ரிலேன்னு சொல்லுவாங்க. வெளிநாட்டுல ரொம்ப நாளா ஆடுதாங்க. ஒருத்தன் கேப்பான், மத்தவன் பதில் மட்டும் சொல்லுவான். கேக்கவன் வைக்க அட்டைக்குத் தனியா அர்த்தமே கிடையாது. 'மேல சொல்லு', அவ்வளவுதான். நாலஞ்சு பதில்ல எதிர்ல இருக்கவன் கையில எத்தனை இஸ்பேட், எத்தனை ஆட்டின், எந்த ஆஸ், எந்த ராஜா எல்லாம் தெரிஞ்சு போகும். கேக்கவன் சீட்டைப் பத்தி மூச்சு வெளிய வராது. எதிராளிக்கும் தெரியாது, சொந்த ஜோடிக்கும் தெரியாது.

அதை அப்படியே எடுத்து ஆடுனா நம்ம ஊருக்குச் சரிப்படாதுன்னு நானே உக்காந்து ஒண்ணு தயார் பண்ணினேன். நாலு வருசம். காப்பி ஆறிப் போறது தெரியாம உக்காந்திருப்பேன். நூத்திப் பன்னெண்டு பக்கம். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்துல ஒரு டைப்பிங் கடையில அடிச்சு, சுருள் கம்பி போட்டு ரெண்டு காப்பி எடுத்தேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு நயினாருக்கு.

ஆறுமுகநயினார். காலேஜ்ல தாவரவியல் வாத்தியாரா இருந்தவரு. என்னைவிட மூணு வயசு மூத்தவரு, எழுபத்தொண்ணு நடக்கு. நல்ல மனுசன்தான், இல்லேன்னு சொல்லல. நான் என்ன குடுத்தாலும் "சரிவே" அப்படிம்பாரு. முதல் நோட்டு குடுத்தேன், சரிவே. ஆறு மாசத்துல பாதியை மாத்தி ரெண்டாவது நோட்டு குடுத்தேன், அதுக்கும் சரிவே. மூணாவதுல ஒரு பெரிய திருத்தம் செஞ்சேன். அதுவரைக்கும் யாருக்குச் சீட்டு நல்லா விழுதோ அவன் கேப்பான், மத்தவன் சொல்லுவான். இதுல என்ன சிக்கல்னா, ரெண்டு பேருக்கும் கேக்கவும் தெரியணும், சொல்லவும் தெரியணும். மனப்பாடம் ரெட்டிப்பு. எழுபது வயசு மனுசன் பாவம்லா. அதனால சீட்டு யாருக்கு விழுந்தாலும் கேக்கது நான், சொல்லுதது அவருன்னு மாத்திட்டேன். அவரு மேல இரக்கப்பட்டுத்தான் செஞ்சேன். அதையும் இன்னைக்குக் குத்தமா பேசுதாங்க.

அந்த மூணாவது நோட்டு குடுத்த சமயம் பகவதி மதினிக்கு, அதாவது நயினார் வீட்டம்மாவுக்கு, ரெண்டு கிட்னியும் போயி, வாரத்துக்கு ரெண்டு நாள் ஆசுபத்திரியில ரத்தம் சுத்தம் பண்ணிக்கிட்டிருந்தாங்க. நாலு மணி நேரம் படுத்தே கெடக்கணும். இவரு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து நோட்டை அந்தம்மா கையில குடுத்துருவாரு. அந்தம்மா கேக்கும், இவரு பதிலை ஒப்பிப்பாரு. ஒரு தடவை நான் பாக்கப் போனேன். "இருபத்தஞ்சாம் பக்கத்தை மறுபடி மாத்திட்டீங்களா அண்ணாச்சி, இப்பத்தானே படிச்சு முடிச்சோம்"னு சிரிச்சுது. நான் சிரிக்கல. சிஸ்டம்னா திருத்தம் வரத்தானே செய்யும்?

போன சித்திரையில மதினி போயிட்டாங்க. பதினாறாம் நாள் விசேசத்துக்குப் போனப்போ நாலாவது திருத்தத்தைக் கையோட கொண்டு போயிக் குடுத்தேன். என் வீட்டுல என்னை ஏசுனா, உங்களுக்கு மனசாட்சி இருக்கான்னு. அவளுக்கு என்ன தெரியும்? துக்கத்துல இருக்கவருக்கு மனசு வேற பக்கம் போகணும்லா. நயினார் அதை வாங்கி அலமாரியில வச்சாரு. சரிவேன்னுதான் சொன்னாரு. கொஞ்சம் மெதுவா சொன்னாரு.

இந்த ஆட்டத்துல ஒரு வழக்கம் உண்டு தம்பி. நான் ஒரு அட்டை வச்சா, எதிராளி அதுக்கு என்ன அர்த்தம்னு கேக்கலாம். ஆனா பதில் சொல்ல வேண்டியது நான் இல்ல, என் ஜோடி. எங்களுக்கு எதிரா ஆடுத எல்லாரும் நயினார்கிட்ட கேப்பாங்க, சார், அவரு வச்சதுக்கு என்ன அர்த்தம்னு. இவரு அமைதியா, "அவரு சீட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவரு கேக்காரு, நான் சொல்லுதேன்" அப்படிம்பாரு. ஒரு நாள்ல இருபது தடவை இதையே சொல்ல வேண்டியிருக்கும். நாகர்கோவில்ல ஒரு அம்மா, வெளியிலயும் இப்படித்தானா சார்னு கேட்டுருச்சு. மேசையில எல்லாரும் சிரிச்சாங்க. நயினாரும் சிரிச்சாரு. ஏலம் நடக்க நேரத்துல என்ன சிரிப்பு வேண்டிக் கெடக்கு?

சரி, இன்னைக்குக் கதைக்கு வாரேன். மதுரையில ஒரு கல்யாண மண்டபத்துல போட்டி. நேத்தும் இன்னைக்கும். முதல் நாலு இடத்துல வாரவங்க மாநில அணிக்குப் போகலாம். நயினாருக்கு அது ரொம்ப நாள் ஆசை. வாயைத் திறந்து எதுவும் கேக்காத மனுசன், போன மாசம் எங்கிட்ட, இந்த ஒரு தடவை போயிப் பாத்துருவோம்வேன்னு சொன்னாரு. எனக்கும் ஆசை இல்லாம இல்ல. என் சிஸ்டம் ஜெயிக்கும்னு நாலு பேரு பாக்கணும்லா.

எங்க கிளப்புல ரெஜினான்னு ஒரு பல் டாக்டரம்மா உண்டு. அவங்க கார்லதான் மூணு பேரும் வந்தோம். அவங்க ஜோடிக்குக் காய்ச்சல் வந்து வராமப் போச்சு. அதனால அந்தம்மா ஆட முடியாம நயினாருக்குப் பின்னால நாற்காலி போட்டு வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்துச்சு. நேத்து நல்லா ஆடுனோம். அறுபது ஜோடியில அஞ்சாவது இடம். இன்னும் ஒரு படி ஏறுனா போதும்.

இன்னைக்குக் காலையில வந்தது வினை. யாரோ புகார் குடுத்திருக்கான். போட்டி நடத்துத டைரக்டர், சின்ன வயசுக்காரரு, என் நோட்டை வாங்கிப் புரட்டிப் பாத்துட்டுச் சொல்லுதாரு, ஒரு ஜோடியில ரெண்டு பேரும் ஒரே முறைதான் ஆடணும், ஒருத்தரே கேக்கது, ஒருத்தரே சொல்லுததுன்னு வைக்கக் கூடாது, விதி இருக்குன்னு. நான் விதியை எடுத்துக் காட்டச் சொன்னேன். எடுத்துக் காட்டிட்டாரு. அப்பவும் நான் விடல. எங்க ஜோடிக்குக் கேக்கத் தெரியாது, அவருக்குப் பதில் மட்டும்தான் பழக்கம், திடீர்னு மாத்தச் சொன்னா எப்படின்னு வாதாடுதேன். பக்கத்துல நின்ன நயினார் சொல்லுதாரு, "எனக்குக் கேக்கத் தெரியும்வே."

எப்படித் தெரியும்னு கேட்டேன். ஆசுபத்திரியில அவளும் நானும் மாத்தி மாத்திப் பாப்போம், பாதி நாள் அவ பதில் சொல்லுவா, நான் கேப்பேன், அவளுக்கும் பொழுது போகணும்லான்னாரு. இத்தனை நாள் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா? நான் கேக்கலயாம். இது என்ன கேக்கக்கூடிய விசயமா?

பழையபடி யாருக்குச் சீட்டு நல்லா விழுதோ அவன் கேக்கதுன்னு உக்காந்தோம். பத்து ஆட்டம் ஒழுங்காப் போச்சு. எல்லாத்துலயும் நான்தான் கேக்கும்படி சீட்டு விழுந்துச்சு. பதினொண்ணாவதுல நயினாருக்கு அடிச்சுது பாருங்க யோகம். அவரு ஒரு கிளாவர் அட்டையை எடுத்து வச்சாரு. எங்க சிஸ்டத்துல அதுக்கு அர்த்தம், கையில பலமான சீட்டு இருக்கு, கேக்கப் போறேன். எதிராளி எங்கிட்டத் திரும்பி என்ன அர்த்தம்னு கேட்டான். அவரு பலமா இருக்காரு, அவரு கேக்காருன்னு என் வாயால சொன்னேன். தொண்டைய செருமிக்கிட்டுத்தான் சொன்னேன்.

எங்கிட்ட அஞ்சு இஸ்பேட், நாலு ஆட்டின், மூணு டைமன், ஒரே ஒரு கிளாவர். அவரு கேட்டாரு, நான் சொன்னேன். மறுபடி கேட்டாரு, சொன்னேன். மூணாவது தடவை கேட்டப்போ, கிளாவர் ஒண்ணா டைமன் ஒண்ணான்னு பிரிச்சுச் சொல்ல வேண்டிய இடம். முப்பத்தேழாம் பக்கம். அங்ஙனதான் எனக்கு நின்னு போச்சு. எதுக்கு மேல் அட்டை வைக்கணும், எதுக்குக் கீழ் அட்டை வைக்கணும்னு ஞாபகம் வரல. நான் எழுதினதுதான். ரெண்டு தடவை மாத்தி எழுதினது. எழுதுததும் ஒப்பிக்கதும் ஒண்ணா? நான் எத்தனையோ வருசமா பதிலைக் கேட்டுப் பழகினவன், சொல்லிப் பழகினவன் இல்லையே. யோசிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாலும் தப்பு, அதுவும் ஒரு சாடை காட்டுத மாதிரி. குத்துமதிப்பா ஒரு அட்டையை எடுத்து வச்சேன்.

நயினார் அதைப் பாத்தாரு. ரொம்ப நேரம் கணக்குப் போட்டாரு. ஆறு இஸ்பேட்னு பெரிய ஏலம் வச்சாரு. பதிமூணு பிடியில பன்னெண்டு பிடிக்கணும், ஒண்ணுதான் விடலாம்.

ஏலம் எடுத்தவரோட ஜோடி தன் சீட்டு முழுக்க மேசையில மலத்தி விரிச்சு வைக்கணும். எல்லாரும் பாக்கும்படியா. நான் விரிச்சேன். கிளாவர் ஒண்ணு, டைமன் மூணு. நான் சொன்னது டைமன் ஒண்ணு, கிளாவர் மூணு. நயினார் கையிலயும் டைமன் எல்லாம் சொத்தை; எங்கிட்ட டைமன் ஒண்ணுதான்னா ஒரு பிடிதான் போகும்னு நம்பித்தான் அவ்வளவு பெரிய ஏலம் வச்சிருக்காரு. அவரு என் சீட்டை ஒரு பார்வை பாத்தாரு. அப்படி விரிச்சதும் நன்றி சொல்லுதது ஒரு மரியாதை. நல்ல சீட்டோ கெட்ட சீட்டோ, சொல்லணும். "தேங்க் யூ, பார்ட்னர்"னு சொன்னாரு. எப்பவும் போலத்தான் சொன்னாரு. எனக்குத்தான் சுருக்குன்னுச்சு.

டைமன் ஆஸ், ராஜா, ராணி மூணையும் எதிராளி வரிசையா அடிச்சுட்டான். ரெண்டு பிடி குறைஞ்சு போச்சு. அஞ்சாவது இடத்துலேருந்து ஒம்பதாவதுக்கு இறங்கிட்டோம்.

எனக்குக் கோவம் வந்துருச்சு தம்பி, மறைக்க மாட்டேன். நயினாரை எல்லார் முன்னாலயும் சத்தம் போட்டேன். அவ்வளவு வேகமா கேட்டா எப்படி, ஒரு கேள்வி அதிகமா கேட்டுட்டீரு, கேக்கவனுக்கு நிதானம் வேணும், உமக்கு அது வராதுன்னுதானே நான் அந்தப் பொறுப்பையே எடுத்துக்கிட்டேன்னு கத்திட்டேன். அவரு சீட்டை அடுக்கி வச்சுக்கிட்டிருந்தாரு. அந்த டாக்டரம்மா மட்டும் நயினார் கொண்டு வந்திருந்த பழைய மூணாவது நோட்டைப் புரட்டி முப்பத்தேழாம் பக்கத்தை எடுத்து எனக்கு முன்னால வச்சு, ஒரு வரியில விரலை வச்சுச்சு. பல்லு பிடுங்குதவங்களுக்கு என் நோட்டுல என்ன வேலை? நாலாவது திருத்தத்துல நான் தொடாத அந்தப் பக்கத்து ஓரத்துல பென்சில்ல பொடி எழுத்தா எழுதியிருந்துச்சு, 'கிளாவர் கீழே, டைமன் மேலே'ன்னு. நயினார் எழுத்து இல்ல. மதினி எழுத்து.

சாப்பாட்டு நேரத்துல மூணு பேரும் ஒண்ணா உக்காந்தோம். எனக்கு இறங்கல. நயினார் சாப்பிட்டு முடிச்சுட்டு எங்கிட்ட வந்து ரொம்பத் தன்மையா சொன்னாரு, "செண்பகம், ஒம்பதாவதுலதான் இருக்கோம், இன்னும் கெட்டுப் போகல. முப்பத்தேழு மட்டும் ஒரு தடவை படிச்சிட்டு வாரும். மூணு மணிக்கு உக்காருவோம்."

என் நோட்டை. என்னைப் படிக்கச் சொல்லுதாரு. ரெஜினா வேற பாத்துக்கிட்டு நிக்கி. கை கழுவிட்டு வாரேன்னு சொல்லி எந்திரிச்சேன். அப்படியே பையை எடுத்துக்கிட்டு வெளிய வந்து ஒரு ஆட்டோ பிடிச்சு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?

என்ன கேக்கீங்க? மூணு மணிக்கு அவரு எதிர்ல யாரு உக்காருவாங்கன்னா?

அது... டைரக்டர் ஏதாவது செய்வாரு. ஆமா, விதிப்படி பாதியில ஒருத்தன் எந்திரிச்சுப் போனா ஜோடியே வெளியதான். மாநில அணியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எனக்குத் தெரியாம இல்ல. கோவத்துல வந்துட்டேன். அவரு என்னைத் தேடிக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு வருவாருன்னு நினைச்சேன். உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன, ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு அந்த சிமெண்ட் பெஞ்சுல உக்காந்திருந்தேன். வரல. ஒரு போன்கூட பண்ணல. இருபத்திரண்டு வருசத்துக்கு இதுதான் மதிப்பு.

போனா? அணைச்சுத்தான் வச்சிருக்கேன். அப்ப எப்படி வரும்னு கேக்கீங்க. சரி, நீங்க சொல்லுததும் நியாயம்தான். மணி என்ன? ரெண்டே முக்கால். விருதுநகர் வரப் போகுது. இங்ஙன இறங்கி ஒரு கார் பிடிச்சா முக்கால் மணியில போயிரலாம். முதல் ரெண்டு ஆட்டம்தான் போகும். டைரக்டர்கிட்ட கெஞ்சிக் கேட்டா பொறுக்க மாட்டாரா? இருங்க, போட்டுப் பாக்கேன். ஏழு தடவை கூப்பிட்டிருக்காருன்னு மெசேஜ் வந்திருக்கு. ஏழு தடவை, பாத்தீங்களா?

நயினாரா? நான்தான். ஆமா. இல்ல, விருதுநகர் வந்துட்டேன். இங்ஙன இறங்கி ஒரு கார் பிடிச்சு... ஓ. அப்படியா. டைரக்டர் ஒத்துக்கிட்டாரா. சரி. சரி. இல்ல, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. என்ன சிஸ்டம் ஆடப் போறீரு? அது போதுமா? சரி. இல்ல, சாப்பிடுதேன். சரிவே.

ஒண்ணும் இல்ல தம்பி. நீங்க கண்டக்டரைக் கூப்பிட வேண்டாம்.

மாத்து ஆளு போட்டுக்கிடலாம்னு டைரக்டர் சொல்லிட்டாராம். டாக்டரம்மா உக்காந்தாச்சாம். எனக்கு உடம்புக்கு முடியலேன்னு எழுதிக் குடுத்திருக்காரு, அப்பத்தான் எனக்குத் தடை விதிக்க மாட்டாங்களாம். மாத்து ஆளு வந்தா இனி அணியில இடம் கிடைக்காது, அது அவருக்கும் தெரியும். பரவாயில்ல, மிச்ச ஆட்டத்தைச் சும்மா ஆடிட்டுப் போறோம், டாக்டரம்மாவும் பாவம் ரெண்டு நாளா உக்காந்தே இருக்காங்கன்னாரு. பின்னால யாரோ ஏதோ சொல்ல, போனைப் பிடிச்சுக்கிட்டே சிரிச்சாரு. எங்கூட ஆடயில அவரு அப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்ல.

அவ்வளவு வெயில்ல திரும்பி வர வேண்டாம்வே, நீரு பசியோட எந்திரிச்சுப் போயிட்டீரு, கோவில்பட்டில வண்டி நிக்கும், எதாவது வாங்கிச் சாப்பிடும்னு சொன்னாரு. ஊருக்குப் போயிச் சேந்ததும் ஒரு போன் போடுமுன்னாரு.

ஒரு வார்த்தை திட்டல தம்பி. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டியிருப்பேன், நாளைக்குக் காலையில அவரு வீட்டு வாசல்ல போயி நின்னு சண்டை போட்டு, அப்படியே உள்ள போயி உக்காந்திருப்பேன். இப்படி அன்பா பேசி முடிச்சுட்டாரே, இனி நான் என்னத்தைச் சொல்லிக்கிட்டு அந்த வீட்டுக்குள்ள போவேன்?